பத்து நாள்... ஏழு நாடு... ஒரு கொத்துப் புதினா!

மொராக்கோவில் ஃபெஸ் என்று ஓர் ஊர். அதன் பழைய நகரம் 1981-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே சுவாரா என்கிற பழங்காலத்து டேனரியைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். சுண்ணாம்புத் தொட்டி, புறா எச்சம் கரைத்த தொட்டி, சாயத் தொட்டி. அதற்குள் இறங்கி நின்று தோலை மிதிக்கிற தொழிலாளிகள். சுற்றியிருக்கும் தோல் கடைகளின் மொட்டைமாடியில் நின்று இதை வேடிக்கை பார்க்கவேண்டும். படி ஏறும்போதே கடைக்காரர் ஒரு கொத்துப் புதினாவைக் கையில் திணித்துவிடுவார். சட்னிக்கு இல்லை... மூக்கில் வைத்துக்கொள்ள!

இப்போது சொல்லுங்கள். சென்னையிலிருந்து பெங்களூரு போகிற வழியில், ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி பக்கம் காற்று லேசாக மாறியதும், 'சர்'ரென்று கார் கண்ணாடியை ஏற்றிவிடுகிறவர் யார்? நீங்கள்தானே? அதே வாடைக்கு ஃபெஸ்ஸில் பெயர் 'ஹெரிட்டேஜ்'. நம்மூரில் 'நாத்தம்'. அங்கே போட்டோ, இங்கே கர்ச்சீப்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு டூர் போகவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாராளமாகப் போங்கள். ஆனால், யாரைக் கேட்டுக்கொண்டு போகிறீர்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

பளபளப்பான டூர் புத்தகத்தைக் கையில் எடுங்கள். 'பத்து நாள், ஏழு நாடு.' நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் கூட்டிக் கழித்துப் பார்க்கிற வியாதி உண்டு. பத்து நாள் என்றால் 240 மணி நேரம். விமானமும் விமான நிலையக் காத்திருப்பும் போக வர 40 மணி. ஓட்டலில் எட்டு ராத்திரித் தூக்கம், 64. கோச் எனப்படும் பஸ்ஸில் தினம் ஐந்து மணி வீதம் எட்டு நாளைக்கு 40. மூன்று வேளைச் சாப்பாடு, பாத்ரூம் க்யூ, 'எல்லாரும் ஏறியாச்சா?' என்று தலை எண்ணுவது... தினம் நாலு மணி, ஆக 32. குளித்து, பெட்டி கட்டி, கீழே இறக்குவது இன்னொரு 16. மொத்தம் 192. மிச்சம் 48 மணி. ஏழு நாட்டுக்குப் பங்கு போட்டால், நாட்டுக்கு ஏழு மணி நேரம்கூடத் தேறாது. இதில் எங்கே ஐயா ஐரோப்பா?

அந்த ஏழு நாட்டில் ஒன்று வாட்டிகனாக இருக்கும். தனி நாடுதான், மறுக்கவில்லை. பரப்பளவு அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. நம்ம வேலூர்க் கோட்டை 133 ஏக்கர். அது வாட்டிகனைவிடப் பெரிசு சார்! அப்படிப் பார்த்தால், காட்பாடியில் இறங்கி கோட்டையைச் சுற்றி வந்தவரும் ஃபாரின் ரிட்டர்ன்தான்.

இந்தக் கணக்கை டூர் கம்பெனி உங்களுக்குப் போட்டுக் காட்டாது. போட்டால் அவர்கள் பிழைப்பு நடக்காது, அதில் தப்பில்லை. ஆனால், இலவசமாகப் போட்டுக் காட்டக்கூடிய ஆட்கள் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறார்கள். அவர்களை நீங்கள் கேட்பதே இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம். பல ஐரோப்பிய பிராண்டுகளுக்குத் தோலும் ஷூவும் போகிற ஊர்கள் இவை. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுகிற பென்டாகுளோரோஃபீனாலை 1989-ல் ஜெர்மனி தடை செய்தது. 1994-ல் சில அசோ சாயங்களுக்கும் தடை போட்டது. அங்கே ஒரு கையெழுத்து விழுந்தால், இங்கே பாலாற்றங்கரையில் ராத்திரித் தூக்கம் போகும். ஜெர்மனியும் இத்தாலியும் இவர்களுக்குப் படத்தில் பார்க்கிற ஊர் இல்லை, வயிற்றுப்பாட்டு ஊர். மெர்ச்சண்டைசர், டெக்னீஷியன், டிசைனர் என்று எத்தனையோ பேர் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வந்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஆம்பூர் பாய் ஒருவர், ஷூ கம்பெனியில் வேலை. "பிப்ரவரியிலயும் செப்டம்பர்லயும் மிலான் பக்கம் தலை வெச்சிப் படுக்காதீங்க சார். தோல் கண்காட்சி, ஷூ கண்காட்சி எல்லாம் ஒண்ணா வரும். ஓட்டல்காரன் வாடகையை எங்கியோ கொண்டுபோயிடுவான்" என்றார். எந்தக் கைடு புத்தகமும் இதை முதல் பக்கத்தில் போடாது. இன்னொன்றும் சொன்னார்: "கார்டு மெஷின்ல ரூபாயா, யூரோவான்னு கேக்கும். நம்ம காசுன்னு ஆசையா ரூபாயை அமுக்காதீங்க. யூரோவை அமுக்குங்க." ரூபாயை அமுக்கினால், மாற்று விகிதத்தை அந்தக் கடையின் மெஷின் கம்பெனி வைக்கும், தன் லாபத்தையும் அதிலேயே ஏற்றிவிடும். பி.காமில் இதையெல்லாம் எங்கே சொல்லிக் கொடுத்தார்கள்?

சரி, கேட்டுவிட்டுப் போகிற பழக்கம் நமக்குப் புதிதா? வேலூர் காந்தி ரோட்டில் ஒரு நடை நடந்து பாருங்கள். லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை என்று எங்கே திரும்பினாலும் வங்காள எழுத்துப் பலகை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நம்பி, மேற்கு வங்கத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வருகிறார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால், காட்பாடியில் இறங்கும்போதே எந்த லாட்ஜில் அடுப்பு வைத்துச் சமைக்க விடுவார்கள், எந்தக் கடையில் மீன் வாங்கலாம், எத்தனை நாளுக்குத் துணி எடுத்து வரணும் என்கிற விவரம் கையில் இருக்கும். எப்படி? அவர்கள் கிராமத்தில் முன்னால் வந்து போனவர் சொல்லி அனுப்பியிருப்பார். உயிரைப் பணயம் வைத்து வருகிறவர்களுக்கு இருக்கிற புத்தி, உல்லாசத்துக்குப் போகிற நமக்கு இல்லை.

உம்ரா கிளம்புகிற குடும்பத்தைப் பாருங்கள். தெருவில் போய் வந்த அத்தனை பேரையும் விசாரித்து முடித்திருப்பார்கள். ரூமிலிருந்து ஹரம் எத்தனை நிமிட நடை, கழற்றிய செருப்பை எதில் வைத்துக்கொள்வது, கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே நிற்பது... ஒன்று விடாமல். காசிக்குப் போகிற மாமிகளும் அப்படித்தான். சாமி காரியம் என்றால் பத்துப் பேரைக் கேட்கிறோம். ஐந்தாறு லட்சம் செலவு பண்ணி ஐரோப்பா போகையில் மட்டும் ஏ.சி. ஆபீஸில் டை கட்டினவர் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

ஏன்? நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை, உடைத்தே சொல்கிறேன். தோல் வேலை என்றால் நம் மனசுக்குள் ஒரு முகச்சுளிப்பு இருக்கிறது. தோலைத் தொட்டவன் யார், உரித்தவன் யார், ஊறவைத்தவன் யார் என்கிற பழைய சாதிக் கணக்கு அது. மென்பொருள் கம்பெனிக்காரர் கலிபோர்னியா பற்றிப் பேசினால் வாயைப் பிளந்து கேட்கிறோம். தோல் கம்பெனி டெக்னீஷியன் இத்தாலி பற்றிப் பேசினால், 'இவருக்கு என்ன தெரியப் போகுது?' இத்தாலித் தோல் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொள்வோம். அந்தத் தோள் தீட்டாவதில்லை!

பைசா சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோ எடுக்கிறீர்களே... அங்கேயிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், ஆர்னோ ஆற்றங்கரையில் இருக்கிறது சாந்தா குரோச்சே. முழுக்க முழுக்க டேனரிகளின் ஊர். பைசாவுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் நடுவே ஓடுகிற ரயிலில், சான் மினியாத்தோ-ஃபுசெக்கியோ ஸ்டேஷனில் இறங்கினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மரப்பட்டைச் சாற்றில் தோல் பதனிடுவதை அங்கே பெருமையாக முத்திரை குத்தி விற்கிறார்கள். நம்மூரில் ஆவாரம்பட்டை போட்டுச் செய்த அதே வித்தைக்குத்தான் 'கிழக்கிந்தியத் தோல்' என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தான். உங்கள் கோச் அந்த ஊர்ப் பக்கம் திரும்பக்கூடத் திரும்பாது.

நான் டூர் நடத்தினால் அங்கே ஒரு நாள் நிறுத்துவேன். ஊர் டேனரிகள் சேர்ந்து நடத்துகிற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை வெளியிலிருந்தாவது காட்டுவேன். 'அவங்க ஊர்ல எவ்வளவு சுத்தம்!' என்று நீங்கள் ஆரம்பிப்பதற்குள், உள்ளூர்க்காரர் ஒருவரைப் பேச விடுவேன். தோல் கழிவின் சாம்பலைச் சாலை வேலையில் கலந்துவிட்டதாக 2021-ல் அங்கே பெரிய விசாரணை கிளம்பியதை அவர் சொல்லுவார். அப்போது நமக்குப் பாலாறு ஞாபகம் வரும். 1996-ல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், கெடுத்தவனே காசு கட்டவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே கோர்ட் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இரண்டு ஆற்றங்கரைக்காரர்கள் உட்கார்ந்து பேசினால், அதுதான் சார் டூர். கோபுரத்தைத் தாங்குவது ஜிம்னாஸ்டிக்ஸ்.

'உள்ளூர்க்காரரைக் கேள்' என்கிறாயே, ஃபெஸ்ஸில் புதினா கொடுக்கிறவரும் உள்ளூர்க்காரர்தானே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்தப் புதினாவுக்குப் பின்னால் ஜாக்கெட் வியாபாரம் இருக்கிறது. கூட்டிவந்த கைடுக்கு அதில் பங்கு இருக்கிறது. காஞ்சிபுரத்தில் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு நேரே பட்டுக்கடை வாசலில் நிறுத்துகிற நம் டிரைவர் அண்ணனும் அதே ரகம்தான். ஆலோசனை சொல்கிறவர் காசு யாரிடம் வாங்குகிறார் என்று பாருங்கள். உங்களிடம் வாங்கினால் பரவாயில்லை. கடையிடம் வாங்கினால் உஷார். யாரிடமும் வாங்காத ஆம்பூர் பாயின் சொல்லுக்கு அதனால்தான் மதிப்பு.

போய் வந்தவர் எல்லாம் வேதம் ஓதினவர் இல்லை என்பதும் உண்மைதான். கம்பெனி செலவில் டாக்ஸியில் போனவருக்கு பஸ் டிக்கெட் விலை தெரியாது. 'சூப்பரா இருந்திச்சி' என்று முடித்துக்கொள்கிறவரிடம் மேலே பேசிப் பயனில்லை. எங்கே ஏமாந்தார், எங்கே வழி தவறினார் என்று கேளுங்கள். மனுஷன் அப்போதுதான் நிஜம் பேசுவான்.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவது என்கிறீர்களா? 'தென்னிந்திய உணவு வழங்கப்படும்' என்ற ஒரு வரிக்காகவே பேக்கேஜில் போய் விழுகிறவர்கள் பாதிப் பேர். பாரீஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா சப்பல் என்று ஒரு பேட்டை. ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். போர் துரத்தி, அகதிகளாக வந்து, அந்த ஊரை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொண்ட மனிதர்கள் அவர்கள். கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே தமிழிலேயே வழி கேட்கலாம். "எங்க போகணும் அண்ணை?" என்று அவர்களே கேட்பார்கள். ஈஃபில் டவரைவிட எனக்கு அந்தத் தெரு பெரிசு.

பணக் கணக்கு ஒன்று பாக்கி. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால், கம்பெனி உங்களிடம் டி.சி.எஸ். என்று ஒரு வரியைப் பிடித்துவைக்கும். 2020 அக்டோபரில் வந்த ஏற்பாடு இது. விகிதம் அவ்வப்போது மாறும், கிளம்பும்போது ஆடிட்டரைக் கேளுங்கள். பலர் இதைப் போன காசு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது செலவே இல்லை ஐயா, உங்கள் வருமான வரிக்கு முன்பணம். ரிட்டர்னில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்பி வரும்.

ஆமாம், எந்த மாசம் கிளம்புகிறீர்கள்? ஆகஸ்ட் என்றால் ஆம்பூருக்கு முதலில் ஒரு போன் போடுங்கள். ஆகஸ்ட் பாதியில் இத்தாலியில் தொழிற்சாலையும் கடையும் கதவைச் சாத்திக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதத்தில் அனுப்பின கடிதத்துக்கு செப்டம்பரில்தான் பதில் வரும் என்பது, அங்கே டெஸ்பாட்ச் கிளார்க்குக்குக்கூடத் தெரியும்.