இரவல் முகம் வேண்டாத பாட்டு

கந்த சஷ்டி சமயத்தில் திருச்செந்தூருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. சன்னதித் தெருவில் சில்லுக்கருப்பட்டி விற்கிற கடையில் ஒரு பாட்டு. சிப்பி மாலையும் சோழியும் தொங்குகிற பக்கத்துக் கடையில் இன்னொன்று. இந்தச் சண்டைக்கு நடுவில் டி.எம்.சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் சேர்ந்து பாடிய திருச்செந்தூர்ப் பாட்டு எப்படியும் ஒரு தடவை வந்துவிடும். காவடி தூக்கி வருகிறவர்களைக் கேட்டால் 'சாமி பாட்டு' என்பார்கள்.

சினிமாப் பாட்டுதான் அது. 1972இல் சாண்டோ எம்.எம்.ஏ.சின்னப்பா தேவர் தயாரித்த 'தெய்வம்' படத்தில் வந்தது. இசை, குன்னக்குடி வைத்தியநாதன். யானையையும் பாம்பையும் நடிக்க வைத்துக் காசு பார்த்த தேவர், இந்தப் படத்தில் நம்பியது குரல்களை. மதுரை சோமு, சூலமங்கலம் சகோதரிகள், பெங்களூர் ரமணியம்மாள், பித்துக்குளி முருகதாஸ் என்று கச்சேரி மேடையிலும் பஜனையிலும் பேர் வாங்கியவர்களைக் கூட்டிவந்து பாட வைத்தார். அதோடு விடவில்லை, திரையிலும் அவர்களையே நிறுத்தினார்.

அதில்தான் சூட்சுமம். சினிமாவில் பக்திப் பாட்டு என்றாலும் அது யாரோ ஒரு நடிகரின் முகத்துக்காகப் பாடுவதுதான். அதே 1972இல் வந்த 'ஞான ஒளி'யில் அந்தோணியாக நடித்த சிவாஜிக்காக டி.எம்.எஸ். கர்த்தரைக் கூப்பிட்டு உருகியதைக் கேட்டுப் பாருங்கள். குரல் உடைகிறது, பேச்சாகிறது, மறுபடி பாட்டாகிறது. சிவாஜியின் புருவம் ஏறி இறங்குவது காதிலேயே தெரியும். திருச்செந்தூரை அடுத்த கிறிஸ்தவ ஊரான மணப்பாடு பக்கம் அந்தப் பாட்டை உருகிக் கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. 'தெய்வம்' பாட்டில் அதே டி.எம்.எஸ்.ஸுக்கு அந்த வேலை இல்லை. யாருக்காகவும் விம்ம வேண்டாம். நெஞ்சை நிமிர்த்திப் பாடுகிறார். பக்கத்தில் சீர்காழியின் வெண்கலக் குரல். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்கிறார். யாரும் யாரையும் அமுக்கப் பார்ப்பதில்லை. ஆறுபடை வீடுகளில் கடலோரத்தில் இருப்பது திருச்செந்தூர் ஒன்றுதான். அலைச் சத்தத்தை மீறிக் கேட்க இப்படி இரண்டு தொண்டை வேண்டியிருக்கிறது.

குன்னக்குடி ஆளுக்குத் தகுந்தபடி மெட்டுப் போட்டார். சோமுவுக்கு மருதமலைப் பாட்டைத் தர்பாரி கானடாவில் கொடுத்துக் கச்சேரி மாதிரியே பாட விட்டார். ரமணியம்மாளுக்கோ உட்கார்ந்திருப்பவரும் கை தட்டுகிற பஜனை வேகம். ஒரே படத்துப் பாட்டுகள் என்றே தோன்றாது. படத்தின் கதை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? வாரியார் சுவாமிகள் வந்தது நினைவிருந்தால் பெரிய விஷயம்.

சினிமாவிலிருந்து கோயிலுக்கு வந்த இந்தப் பாட்டுகளுக்கு நேர் எதிர்த்திசையில் போன பாட்டும் உண்டு. பூவை செங்குட்டுவன் எழுதிய திருப்பரங்குன்றப் பாட்டு முதலில் சூலமங்கலம் சகோதரிகளின் தனி இசைத்தட்டாக வந்தது. அதற்கும் மெட்டு குன்னக்குடிதான். ஏ.பி.நாகராஜன் 1967இல் அதை 'கந்தன் கருணை'க்கு எடுத்துக்கொண்டார். படத்தில் சூலமங்கலம் ராஜலட்சுமியோடு சேர்ந்து பாடியவர் பி.சுசீலா. கோயில் வாசலிலிருந்து கொட்டகைக்குப் போனது அது. 'தெய்வம்' பாட்டுகள் கொட்டகையிலிருந்து கோயில் வாசலுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டன.

இப்போது இரண்டு வகையும் ஒரே பென்டிரைவில்தான் கிடக்கின்றன. கடைக்காரர்களிடம் ஒரே ஒரு குறை. ஸ்பீக்கரில் பேஸை ஏற்றுகிற ஏற்றில் குன்னக்குடியின் வயலின் காணாமல் போகிறது. கொஞ்சம் குறைத்து வைத்தால் புண்ணியம். சீர்காழிக்கு மைக்கே அதிகம், பேஸ் எதற்கு?