குருதி கொடுக்கின்றோம், மச்சை கொடுக்கத் தயங்குவதேன்?

கொடை என்று கேட்டால் இந்நாட்டு மக்கள் கையை விரிப்பவரல்லர். இலங்கையின் குருதிச் சேவை, விலைகொடுத்தும் வாங்காமல், நோயாளியின் உறவினரையும் நெருக்காமல், முற்றிலும் தன்விருப்பக் கொடையாளரின் குருதியைக்கொண்டே இயங்கும் நிலையை 2014ஆம் ஆண்டில் எய்தியது. செல்வம் மிக்க பல நாடுகளும் எட்டாத நிலை அது. கண்ணைக் கேட்டபொழுதும் கொடுத்தோம். 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா கண் தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அன்று தொடங்கிய கொடை, இதுவரை ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளிற் பார்வை இழந்தோருக்கு ஒளி தந்திருக்கின்றது.

இத்தகைய மக்களிடம் என்புமச்சைக் கொடை என்று சொன்னால் மட்டும் அச்சம் பிறப்பதேன்? "முதுகெலும்பிற் குத்துவார்களாம், பின்னர் மண்வெட்டி பிடிக்க முடியாதாம்" என்னும் பேச்சு எழுவதேன்? அறியாமையே காரணம் என்போம். அறியாமையைப் போக்குவது எம்போன்ற பத்திரிகைகளின் கடன்.

என்பின் உள்ளே இருக்கும் மென்மையான பொருளே மச்சை. குருதியின் அணுக்கள் அங்கேதான் பிறக்கின்றன. குருதிப் புற்றுநோய் கண்டவருக்கும், மச்சை வற்றிப்போனவருக்கும், குழந்தைப் பருவம் முதல் பிறர் குருதியை ஏற்றே வாழும் தலசீமியாப் பிள்ளைக்கும், மருந்து மட்டும் போதாத நிலை வரலாம். அப்பொழுது பழுதுற்ற மச்சையை அழித்து, நலமுள்ள ஒருவரின் மூல உயிரணுக்களைப் பெய்கின்றனர். களையும் நோயும் மண்டிய பயிரை உழுது புதைத்து, நல்ல விதைநெல்லை இடுவது போன்றது இது. இத்துறையில் வழிகாட்டிய அமெரிக்க மருத்துவர் டொனல் தோமஸ் 1990இல் நோபெல் பரிசு பெற்றார். எமக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இச்சிகிச்சை நடைபெறுகின்றது. இலங்கையிலும் இன்று நடைபெறுகின்றது.

ஆனால் எந்த விதையும் எந்த வயலிலும் முளைக்காது. குருதிக்குச் சில பெரும் பிரிவுகளையே முதன்மையாகப் பார்ப்பர். மச்சைக்கோ இழையப் பொருத்தம் வேண்டும். அதன் குறிகள் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருவன. ஆகவே உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பிள்ளைகள் இருவர் போதுமென்று வாழும் இன்றைய குடும்பத்தில் அந்த வாய்ப்பும் குறுகுகின்றது. பாதிப் பொருத்தத்தைக் கொண்டு பெற்றோரிடமிருந்து எடுக்கும் முறையும் இப்பொழுது வளர்ந்துள்ளது. அஃது எல்லா நோயாளிக்கும் ஏற்றதன்று. எஞ்சியோருக்கு, உலகில் எங்கோ இருக்கும் முன்பின் அறியாத ஒருவரே கதி.

அந்த ஒருவரைத் தேடுவதற்கென முதற் பதிவகம் பிறந்த வரலாறு உருக்கமானது. இலண்டனில் அந்தனி நோலன் என்னும் சிறுவனுக்குப் பொருத்தமான மச்சை கிட்டவில்லை. அவனுடைய தாய் ஷேர்லி 1974இல் அப்பதிவகத்தைத் தொடங்கினார். 1979இல் சிறுவன் இறந்தான். பதிவகம் அவனைக் காக்கவில்லை. ஆயினும் தாய் அதனை மூடிவிடவில்லை. இன்று உலகெங்கும் நாலு கோடிக்கு மேற்பட்டோர் இத்தகைய பதிவகங்களிற் பெயர் கொடுத்துள்ளனர்.

நாலு கோடி என்று கேட்டதும் இனிக் குறையேது என்று எண்ணற்க. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டுக் காட்டியது இது: ஐரோப்பிய வழிவந்த வெள்ளையருக்கு அந்நாட்டுப் பதிவகத்தில் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு, தென்னாசிய வழிவந்தோருக்கோ 33. இஃது எவரும் செய்த சதியன்று. இழையக் குறிகள் வமிசத்தோடு வருவன. எம்மவர் பதியாவிடின் எம்மவரின் குறிகள் ஏட்டில் இருக்கமாட்டா. தொரொன்ரோவிலோ இலண்டனிலோ நோயுற்றிருக்கும் தமிழ்ப் பிள்ளையின் பொருத்தம், தம்பலகாமத்து வயலில் நாற்று நடுபவரிடம் இருக்கலாம். ஏட்டில் இல்லாதவரை எந்த மருத்துவரால் கண்டுபிடிக்க முடியும்?

திருக்கோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இல்லை. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்ட நாள் முதல், அத்துறைமுகத்தின் மதிப்பைப் பற்றி எழுதப்பட்டவை கொஞ்சமல்ல. அத்துறைமுகத்தைச் சூழ வாழும் மக்களின் மதிப்பை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? நகரிலும் நிலாவெளியிலும் சம்பூரிலும் தமிழர். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம்கள். கந்தளாய்ப் பக்கம் சிங்களவர். தெற்கே கரையோர வேடர். கடல்வழி வந்து கலந்தோரின் வழித்தோன்றல்கள். இத்துணை வகை மக்கள் ஒருங்கு வாழும் மாவட்டம், உலகப் பதிவேட்டில் இல்லாத எத்தனையோ குறிகளைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும்.

இனிப் பதிவது எங்ஙனம்? கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுப்பர். அல்லது சிறிது குருதி எடுப்பர். அவ்வளவே. பதிவோரிற் பெரும்பாலோர் ஒருகாலும் அழைக்கப்படமாட்டார். அழைக்கப்பட்டவரிடம் இன்று பெரும்பாலும் கையின் நாளத்திலிருந்தே மூல உயிரணுக்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. அதற்கு முன் ஏறத்தாழ ஐந்து நாள் ஊசி போடுவர். அந்நாட்களில் உடல்வலியும் தலையிடியும் இருக்கலாம். சிலரிடம் மட்டும், மயக்கமருந்து கொடுத்து இடுப்பென்பிலிருந்து மச்சையை எடுப்பர். சில நாள் நோவு இருக்கும். முதுகெலும்பை எவரும் தொடுவதில்லை. கொடுத்த மச்சை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். கமக்காரர் மீண்டும் மண்வெட்டி பிடிக்கலாம்; ஆசிரியர் வகுப்புக்குச் செல்லலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகின்றோம். பதியாதிருப்பவரைப் பழிக்க எமக்கு உரிமையில்லை. பதிந்தவர் மனம் மாறினாலும் அதனைத் தொடக்கத்திலேயே கூறிவிடலாம். ஆனால் இசைவு கொடுத்து, அதனை நம்பி நோயாளியின் மச்சை அழிக்கப்பட்ட பின்னர், "வீட்டார் வேண்டாமென்கின்றனர்" என்று விலகுவது, கிணற்றுக்குள் ஒருவரை இறக்கிவிட்டுக் கயிற்றை அறுப்பது போன்றது. ஆகவே பெயர் கொடுக்குமுன் தாய் தந்தையரோடும், கணவன் மனைவியரோடும் பேசுங்கள்.

அரசுக்கும் சொல்லவேண்டியது உண்டு. கொழும்பு இங்கிருந்து சுமார் 260 கிலோமீற்றர். ஒரு நாட்கூலியை இழந்து, பஸ் ஏறிப் போய்ப் பரிசோதித்து வா என்று மூதூர் விவசாயியிடம் சொல்வது அழைப்பாகுமா? குருதிக் கொடை முகாம்கள் கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் நடைபெறுகின்றன. அவ்விடத்திலேயே, விரும்புவோரின் கன்ன ஒற்றையும் எடுக்க ஏற்பாடு செய்க. விளக்கத் தாள்களைத் தமிழிலும் தருக. விளங்காத மொழியிற் பெற்ற ஒப்பம் ஒப்பமாகாது. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவகம் இன்று ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சேர்த்திருக்கின்றது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

மருத்துவர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, நீங்கள் முன்னே நின்றால் ஊர் பின்னே வரும். கமக்காரப் பெருமக்களே, நீங்கள் விளைத்த நெல்லை உண்பவர் எவரென்று நீங்கள் கேட்டதில்லை. இக்கொடையும் அத்தகையதே. கொடுப்பவரின் ஊரும் மதமும் பெறுபவருக்குத் தெரியா. பெறுபவரின் பெயர் கொடுப்பவருக்குத் தெரியாது. தெரிந்திருப்பது ஒன்றே: அடுத்த விளைச்சலைக் காணமாட்டாரென்று கைவிடப்பட்ட ஓர் உயிர், அதனைக் காணும் வாய்ப்பைப் பெறுகின்றது.

உடல்நலமும் இளமையும் உள்ள காலத்திற் பெயர் கொடுங்கள். முதுமையில் மனம் வந்தாலும் பதிவகம் ஏற்காது.