தோள் வலிக்கு முதல் மருந்து கத்தியல்ல

கையைத் தூக்கும்போது தோள் சுருக்கென்று வலித்தால், தசைநாரில் உரசும் எலும்பைச் சீவிவிட்டால் தீரும் என்று நெடுங்காலம் நம்பினோம். பிரிட்டனில் 313 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு எலும்பைச் சீவினார்கள். சிலருக்குத் துளையிட்டு உள்ளே பார்த்ததோடு சரி. மற்றவர்களுக்குச் சிகிச்சையே இல்லை. சீவியதால் பொருட்படுத்தத்தக்க கூடுதல் பலன் ஏதுமில்லை என்று 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பின்லாந்தில் அறுவையையும் பயிற்சியையும் ஒப்பிட்டபோதும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அப்படியிருக்க, செலவும் ஆபத்தும் குறைந்த வழியை முதலில் முயல்வதே நியாயம்.

‘ஸ்கேனில் தசைநார்க் கிழிசல் தெரிகிறதே’ என்பார்கள். வயதேற ஏற, வலியே இல்லாதவர்களின் தோளிலும் அப்படிக் கிழிசல் தெரிவதுண்டு. ‘வலிக்கிற கையை அசைக்கலாமா?’ என்ற அச்சம்தான் எனக்குப் பெரிய கவலை. அசையாத தோள் இறுகிப்போகும். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது, சுவரில் விரல்களை மெல்ல மேலேற்றுவது, பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது என்று படிப்படியாகப் பழக வேண்டும். லேசான வலி மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். பலன் தெரியச் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். ஆனால் விழுந்தபின் கை தூக்க முடியாவிட்டாலோ, மூட்டு நழுவினாலோ, காய்ச்சலோடு வீங்கினாலோ, தோள் வலியுடன் நெஞ்சு இறுகினாலோ வீட்டு வைத்தியம் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.