ஒஸ்லோவில் இரண்டு நாள்: எங்கே சிக்கனம், எங்கே செலவு?

நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் மனைவியுடன் ஒரு வார இறுதியைக் கழிக்கத் திட்டமிட்டபோது, "கோப்பி குடித்தாலே கை சுடும்" என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். பயம் நியாயமானதே. எனினும், கொள்முதலுக்குப் போகும் வியாபாரி போல் கணக்குப் பார்த்தால் வழியுண்டு என்பது எனது அபிப்பிராயம்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு இரண்டு வகை ரயில்கள் ஓடுகின்றன. விசேட கடுகதிக்குச் சுமார் 20 நிமிடம். சாதாரண ரயிலுக்குச் சில நிமிடங்களே கூட. கட்டணமோ ஏறத்தாழப் பாதி. (கடுகதியின் விளம்பரம்தான் முதலில் கண்ணில் படும்!) வியாபாரப் பயணிகள் வெள்ளியோடு வீடு திரும்பிவிடுவதால், கோடை காலம் தவிர்ந்த வார இறுதிகளில் ஹோட்டல் அறை விலை பெரும்பாலும் இறங்கும். காலை உணவும் அதில் அடங்குமா என்று பாருங்கள். ஞாயிறு அநேக கடைகளுக்குப் பூட்டு. தேவையானதைச் சனியன்றே வாங்கிவிட வேண்டும்.

விகெலண்ட் சிற்பப் பூங்காவுக்கும், 2008 இல் திறக்கப்பட்ட ஒபெரா மாளிகையின் சரிவுக் கூரையில் நடப்பதற்கும் காசில்லை. தீவுகளுக்கான படகுக்கு நகரப் போக்குவரத்து டிக்கட்டே போதும்.

நான் விட்ட பிழை, துறைமுகத்தோர இராச்சாப்பாட்டையும் பட்டியலிலிருந்து வெட்டியதுதான். "நாம என்ன சாமான் எடுக்கவா போறோம்?" என்று கேட்டார் மனைவி. ரயிலில் மிச்சம் பிடிக்கவிருந்ததை அந்தச் சாப்பாட்டுக்கே ஒதுக்கினேன்.