முதல்ல உலாவிக்காரனைக் கேளுங்க சாமி!

அடியேன் புனேயில ஆணி புடுங்குறது இணையப் பக்கம் கட்டுற தொழில்ல. அதனால இன்னிக்குக் கொஞ்சம் தொழில் வாடை அடிக்கும், பொறுத்துக்குங்க.

என் கட்சி இதுதான்: இணையத்துக்குப் புது ஸ்டாண்டர்ட் எழுதறவங்க, எழுத உக்கார்றதுக்கு முன்னாடியே உலாவி தயாரிக்கிறவங்களைக் கூப்பிட்டு "இதை நீங்க செய்வீங்களா?"ன்னு கேட்டுடணும். இல்லேன்னா அது மாப்பிள்ளை வீட்டைக் கேக்காமலே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கதைதான்.

கொடுத்திருக்காங்க. எக்ஸ்ஹெச்டிஎம்எல் 2-ன்னு ஒண்ணு. 2002-ல டபிள்யூ3சி முதல் வரைவு விட்டுச்சு. பழைய பக்கங்களோட ஒத்துப்போகணும்ங்கற கவலையே இல்லாம, எல்லாத்தையும் சுத்தமா புதுசா கட்டினாங்க. உலாவிக்காரங்க சீந்தலை. 2004-ல மொஸில்லாவும் ஓபராவும் "இருக்கற ஹெச்டிஎம்எல்லையே வளர்ப்போம்"னு சொல்லிப் பார்த்தாங்க. ஓட்டெடுப்புல தோத்துப் போச்சு. உடனே ஆப்பிளையும் சேர்த்துக்கிட்டு வாட்விஜின்னு தனிக்கடை போட்டாங்க. 2009-ல டபிள்யூ3சி எக்ஸ்ஹெச்டிஎம்எல் 2-ஐக் கைவிட்டுச்சு. தனிக்கடைச் சரக்குதான் ஹெச்டிஎம்எல் 5 ஆச்சு. ஏழு வருஷ உழைப்பு அம்போ!

"நமக்கென்னப்பா?"ன்னு கேக்கறீங்களா? ஊரை விட்டு வந்து, தமிழ்ப் பத்திரிகையை இணையத்துல தேடின ஆளுங்களுக்குத் தெரியும். ஒரு உலாவியில தமிழ் வரும், இன்னொண்ணுல ஜிலேபி ஜிலேபியா வரும். பக்கத்தோட எழுத்துருவும் சேர்ந்து வர்ற வசதி 1998-ல வந்த சிஎஸ்எஸ் 2-லயே இருந்துச்சு. ஆனா எந்த வடிவத்துல அனுப்பறதுங்கறதுல உடன்பாடு இல்லை. மைக்ரோசாஃப்டுக்கு ஒரு வடிவம், நெட்ஸ்கேப்புக்கு வேற. கடைசில சிஎஸ்எஸ் 2.1-ல அந்தப் பகுதியையே தூக்கிட்டாங்க.

தீர்ந்தது எப்போ? வொஃப் வந்தப்போ. 2010 ஜனவரியில ஃபயர்ஃபாக்ஸ் 3.6 அதை ஏத்துக்கிச்சு. ஏப்ரல்ல மொஸில்லா, ஓபரா, மைக்ரோசாஃப்ட் மூணு பேரும் சேர்ந்து டபிள்யூ3சி-கிட்ட கொடுத்தாங்க. 2012 டிசம்பர்ல முத்திரை விழறதுக்குள்ள முக்கியமான உலாவி எல்லாத்துலயும் வேலை செஞ்சுது. வித்தியாசம் புரியுதா? இங்கே மாப்பிள்ளை வீட்டார் முதல்லயே சம்மதிச்சாச்சு.

"அப்போ கூகுள், ஆப்பிள், மொஸில்லா வச்சதுதான் சட்டமா?"ங்கறது நியாயமான கேள்வி. இன்னிக்குப் பெரிய உலாவி எஞ்சின்னு பார்த்தா அந்த மூணு பேரோடதுதான். ஒருத்தர் முரண்டு பிடிச்சா நல்ல யோசனையும் தூங்கிடும். கணக்குச் சமன்பாடு காட்டற மேத்எம்எல் 1998-லயே ஸ்டாண்டர்ட். குரோம் 2013-ல அதைச் சேர்த்த சூட்டோட தூக்கிடுச்சு. அப்புறம் வெளியாளுங்க, உலாவிக்காரங்களால செய்ய முடிஞ்ச அளவுக்கு அதைச் சுருக்கி, நிரலையும் அவங்களே எழுதிக் கொடுத்தாங்க. 2023 ஜனவரியில குரோம் 109-ல திரும்ப வந்துச்சு. ஆக, கேக்கறதுன்னா கும்பிடு போடறது இல்லை. பேசணும், குறைச்சுக்கணும், வேணும்னா நாமளே கை கொடுக்கணும்.

அதனால தமிழ் எழுத்து எங்கேயாவது உடைஞ்சு தெரிஞ்சா, தலைல அடிச்சுக்கிட்டுப் போயிடாதீங்க. அந்த உலாவியோட வழுப்பட்டியல்ல ஒரு படத்தோட புகார் போடுங்க. யார் வேணா போடலாம். நாளைக்கு நம்ம பசங்க தமிழ் படிக்கப் போறது அந்த ஜன்னல் வழியாத்தான்.