பாசிட்டிவ்னு வந்திருக்கு, என்ன பண்றது?

போன வருஷம் ஜூலையில் ஒரு மத்தியானம். ஹிஞ்சேவாடி ஃபேஸ் டூ ஆபீஸ் கேன்டீனில் தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். எங்கள் டீமில் இருக்கும் மதுரைப் பொண்ணு எதிரே வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் மொபைலை என் பக்கம் தள்ளினாள். கம்பெனி வருஷா வருஷம் எடுத்துத் தரும் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட். நாலாவது பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஏஎன்ஏ பாசிட்டிவ்'.

"லூபஸ்னு போட்டிருக்குண்ணா நெட்ல. ரெண்டு நாளா தூங்கல."

கம்பெனி கொடுக்கும் செக்கப்பில் இந்த டெஸ்ட் கிடையாது. கூடக் கொஞ்சம் பணம் கட்டினால் 'அட்வான்ஸ்டு பேக்கேஜ்' என்று வந்ததாம், அமுக்கிவிட்டாள். மூட்டு வலி உண்டா என்றேன். இல்லை. முகத்தில் படை? இல்லை. வாய்ப்புண், விடாத காய்ச்சல்? இல்லை. முடி கொட்டுகிறதா என்று கேட்டதற்கு மட்டும், "இந்த ஊர்த் தண்ணிக்கு யாருக்குண்ணா கொட்டல?" என்றாள். அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அடுத்த மாதம் வருகிறார்கள், யாரிடமும் மூச்சு விடாதே என்று உத்தரவு.

நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுகிறவன். ஆனால் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு விஷயத்தால் மூன்று வருஷமாக இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

வேலியே பயிரை மேய்கிற கதைதான் ஆட்டோஇம்யூன் நோய். கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி நம் உடம்பின் ஒரு பகுதியையே எதிரியாக நினைத்துக்கொள்கிறது. மூட்டைத் தாக்கினால் ஊரில் சரவாங்கி என்பார்களே, அது. கணையத்தைத் தாக்கினால் டைப் 1 சர்க்கரை. தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடத்தில் கை வைத்தால் லூபஸ். இதில் வேடிக்கை என்னவென்றால், நோய் வெளியே தெரிவதற்கு வருஷக்கணக்கில் முன்பாகவே ரத்தத்தில் அதன் தடயம் வந்துவிடுகிறது. அமெரிக்க ராணுவத்தில் வீரர்களின் ரத்த மாதிரியை உறைய வைத்துச் சேமிக்கிறார்கள். பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரின் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்து 2003-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 115 பேருக்கு நோய் கண்டுபிடிப்பதற்கு முன்பே குறைந்தது ஒரு ஆன்டிபாடியாவது இருந்திருக்கிறது. சிலருக்கு ஒன்பது வருஷம் முன்பே!

அப்படியானால் எல்லோரும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். லூபஸ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஆன்டிபாடி இருந்தது என்பது ஒரு கேள்வி. ஆன்டிபாடி இருப்பவர்களில் எத்தனை பேருக்கு லூபஸ் வரும் என்பது வேறு கேள்வி. 1997-இல் வந்த ஒரு ஆய்வில், ஒரு குறையும் இல்லாத ஆரோக்கியமானவர்களிலேயே 1:80 அளவில் ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்தவர்கள் சுமார் 13 சதவீதம். 1:40 என்று வைத்தால் மூன்றில் ஒருவர் கிட்ட வருகிறது. இந்தப் பொண்ணுக்கு 1:80. அந்த நேரம் கேன்டீனில் இருநூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், எல்லோருக்கும் ஊசி குத்தியிருந்தால், இருபத்தைந்து பேர் இதே ரிப்போர்ட்டோடு தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். லூபஸ் அவர்களில் ஒருத்தருக்குக்கூட இல்லாமல் போகலாம்.

மூட்டு டாக்டரிடம் போனாள். அவர் உடம்பைப் பார்த்து, யூரின் டெஸ்ட் ஒன்று எடுத்து, "டென்ஷன் மத் லோ" என்று அனுப்பிவிட்டார். அறிகுறி பார்த்து டாக்டர் எழுத வேண்டிய டெஸ்டைப் பாப்கார்னுக்குப் பெரிய டப்பா வாங்கச் சொல்வது போல விற்கிறார்களே, அது தப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

தைராய்டு மட்டும் கொஞ்சம் வேறு. எங்கள் வீட்டுத் தங்கமணிக்கே டிபிஓ ஆன்டிபாடி உண்டு. டிஎஸ்ஹெச் நார்மல். இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரில் இருபது வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், இப்படி ஆன்டிபாடி மட்டும் இருக்கும் பெண்களில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் தைராய்டு குறைந்தது. மாத்திரை வேண்டாம். வருஷம் ஒருமுறை டிஎஸ்ஹெச் பார்த்தால் போதும், கர்ப்பம் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

நிற்க. இனி சொல்லப்போவது இதற்கு நேர் எதிராகத் தெரியும்.

அக்கா கும்பகோணத்தில் இருக்கிறாள். மூன்று வருஷம் முன்பு, மூத்தவனுக்கு அப்போது ஏழு வயது, ஒரு வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறான். வெயில் என்றார்கள். ராத்திரி படுக்கையை நனைத்தான். பயந்திருக்கிறான் என்று மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். வாந்தி எடுத்தபோது பக்கத்து கிளினிக்கில் வயிற்றுக் கோளாறுக்கு மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை ஐந்நூற்றுக்கு மேல், ரத்தம் அமிலமாகிவிட்டது. கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். நாலு நாள் ஐசியூ. புனேயிலிருந்து சென்னைக்கு விமானம் பிடித்து, அங்கிருந்து பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பையன் பிழைத்தான். தினமும் நாலு ஊசி.

தங்கைக்கும் ஆன்டிபாடி பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் அப்போதே சொன்னார். அக்கா மாட்டேன் என்றாள். நான் ஒவ்வொரு லீவிலும் சொல்லிப் பார்த்தேன். கடைசியாக இந்த மதுரைப் பொண்ணு கதையை வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அக்காவிடம் சொன்னேன். மாட்டிக்கொண்டேன்.

"ஏன்டா, அந்தப் பொண்ணுக்கு டெஸ்டே வேண்டாம்னு நீதானே சொன்ன? எம் பொண்ணுக்கு மட்டும் எதுக்குடா எடுக்கச் சொல்ற?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு போனில் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

டைப் 1-க்கு நாலு ஆன்டிபாடிகள் பார்க்கிறார்கள்: இன்சுலின், காட், ஐஏ-2, ஜிங்க் கடத்தி. அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி மூன்று நாட்டுக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வந்தது. இரண்டோ அதற்கு மேலோ இருந்த குழந்தைகளில் பத்து வருஷத்துக்குள் 70 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. ஒன்று மட்டும் இருந்தவர்களில் 15 சதவீதம். ஏஎன்ஏ போல யாருக்கு வேண்டுமானாலும் பாசிட்டிவ் காட்டும் சமாச்சாரம் இல்லை இது. அதோடு அண்ணன் தம்பிக்கு இருந்தால் மற்றக் குழந்தைக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு.

முக்கியமானது, தெரிந்துகொண்டால் செய்ய ஒரு காரியம் இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் 2015-இல் ஆரம்பித்து, சின்னக் குழந்தைகள் 90,632 பேருக்கு ரத்தம் பார்த்தார்கள். 280 பேருக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் ஆன்டிபாடி. அதில் 62 பேருக்கு நோய் முற்றி வெளியே வந்தபோது, கீட்டோஅசிடோசிஸில் போனது இரண்டே பேர். முன்னெச்சரிக்கை இல்லாத குழந்தைகளில் அங்கேயே ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்த நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இதற்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. குழந்தை தண்ணீர் கேட்டால் வெயில் என்று சொல்லாமல் விரலில் ஒரு சொட்டு ரத்தம் பார்க்கத் தெரிந்த அம்மா அப்பா போதும்.

மருந்தும் வந்திருக்கிறது. டெப்லிசுமாப், 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். பதினாலு நாள் டிரிப் ஏற்றினால் நோயைச் சுமார் இரண்டு வருஷம் தள்ளிப்போடுகிறது. அங்கே வந்தபோது விலை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். எட்டு வயதில் தொடங்க வேண்டிய ஊசி பத்து வயதில் தொடங்கினால் அது பெரிய வரம்தான், ஆனால் கும்பகோணத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அத்தானிடம் அதைப் பேசுவதில் அர்த்தமில்லை.

இந்த எண்கள் எல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகளுடையவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தால் வந்துவிடும் புனே கேஇஎம் ஆஸ்பத்திரி. அங்கேயும் ஹைதராபாத் சிசிஎம்பியிலும் இருப்பவர்கள் இங்கிலாந்தின் எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2020-இல் ஒன்று பார்த்தார்கள். ஐரோப்பியர்களை வைத்துச் செய்த டைப் 1 மரபணு மதிப்பெண் இந்தியர்களுக்கும் வேலை செய்கிறது, ஆனால் கொஞ்சம் குறைவாக, அளவுகோலையும் மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது. ஆன்டிபாடிக்கும் இங்கே நம் குழந்தைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தால்தான் நம் கணக்கு நமக்குத் தெரியும். இத்தாலியில் 2023-இல் ஒன்று முதல் பதினேழு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிதாக இங்கே நான் கேட்கவில்லை. இளம் வயது சர்க்கரைக்கு ஐசிஎம்ஆர் 2006 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் பெயர் இருக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு இலவசமாகப் பார்க்கட்டும். புதிதாக நோய் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் வேறு யாருக்கும் இருக்காது, அவர்களை இது பிடிக்காது, தெரியும். ஆனாலும் ஆரம்பிக்க ஓர் இடம் வேண்டுமே.

இதையெல்லாம் மே மாதம் ஊருக்குப் போனபோது அக்காவிடம் உட்கார்ந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"பொம்பளப் புள்ளடா. நாளைக்கு இது ஒரு பேப்பர்ல ஏறிடும். அப்புறம் யாரு வந்து கேப்பா?"

மதுரை அம்மா சொன்னதேதான். அதற்கு என்னிடம் எந்த ஆய்வும் இல்லை. அத்தான்தான், "வந்துதுன்னா பேப்பர் இல்லாமலும் வரும்டி" என்று எழுந்து சட்டையை மாட்டினார். மாமியாரிடம் ரத்தசோகை டெஸ்ட் என்று சொல்லிவிட்டுப் போனோம்.

பத்து நாள் கழித்து ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது அக்காவின் போன். "ஒண்ணு மட்டும் பாசிட்டிவ்னு வந்திருக்குடா. என்ன பண்றது?"

காட் மட்டும். இரண்டு இல்லை, ஒன்று. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், ஒற்றை ஆன்டிபாடி சில குழந்தைகளுக்குத் தானாகவே மறைந்தும் போகுமாம். அண்ணனின் மெஷினில் வாரம் ஒருமுறை அவளுக்கும் சர்க்கரை பார்க்கிறார்கள். பாப்பா எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன் என்றாள் அக்கா, போன வாரம். எடுத்தது சரிதான் என்று நான் இன்னும் நினைக்கிறேன். அக்கா அப்படி இதுவரை சொல்லவில்லை. கார்த்திகையில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், லீவுக்கு இப்போதே மெயில் போட்டுவிட்டேன்.