சிறை வைத்தியம் பார்க்காது

கஞ்சா அடிப்பவனைப் பிடித்து உள்ளே தள்ளினால் ஊர் சுத்தமாகிவிடும் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். தவறான நம்பிக்கை இது. பிள்ளைகளைக் காவு வாங்கும் நம்பிக்கை.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்தது. அதன்படி ஒரு கிலோ கஞ்சா வரை ‘சிறிய அளவு’ என்கிறார்கள். அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல் உண்டு. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு. தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டமும் பாய்கிறது. ‘கஞ்சா வேட்டை’ என்று பெயரிட்டே போலீஸ் களமிறங்கியது. ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளிலிருந்து மூட்டைகள் வருவது நின்றதா? 2019-இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வின்படி, கஞ்சா, சரஸ், பாங்கு பழக்கத்தால் உதவி தேவைப்படும் நிலைக்குப் போனவர்கள் சுமார் 72 லட்சம் பேர். இத்தனை பேரையும் எந்தச் சிறையில் அடைப்பது? அதே ஆய்வில் மதுவால் அந்நிலைக்குப் போனவர்கள் சுமார் 5.7 கோடி. அவர்களை உள்ளே தள்ளச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அரசே கடை திறந்து விற்கிறது.

கஞ்சா வெறும் மூலிகைதான் என்று வாதாடுபவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. பதின்வயதில் தொடங்கி அன்றாடம் இழுக்கும் பையனுக்கு மனநோய் வரும் ஆபத்து கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே மனச்சிதைவு இருந்தால் இன்னும் அதிகம். யாரோ காதில் பேசுவதாக மகன் சொல்லத் தொடங்கியதும் தாய் மருத்துவரிடம் ஓட வேண்டும். ‘கேஸ் ஆகிடுமோ, பையன் வாழ்க்கை போயிடுமோ’ என்று அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சிகிச்சைக்கான நாட்கள் அப்படித்தான் வீணாகின்றன. அவளுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது நம்முடைய வேட்டைதான்.

இத்தனைக்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சிறிய அளவோடு சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்களிக்கிறது 64ஏ பிரிவு. தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பும் அதிகாரத்தை 39-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? காவல் நிலையச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தால் என்ன?

போர்ச்சுகல் 2001-இல் துணிந்தது. சொந்த உபயோகத்துக்கான பத்து நாள் அளவு வைத்திருப்பது அங்கே குற்ற வழக்காகாது. பிடிபட்டவர் சட்டமும் மருத்துவமும் சமூகப்பணியும் தெரிந்த குழுவின் முன் உட்காருகிறார். விற்பவனுக்கு இன்றும் சிறைதான். நாடு போதையில் மூழ்கிவிடவில்லை. இங்கேயோ இத்தனை வேட்டைக்குப் பிறகும் வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றி இளைஞர்கள் சாகும் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது.

பொட்டலத்தோடு முதல்முறை சிக்கும் பையனை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்ப அரசு உத்தரவு போடட்டும். போலீஸ் மூட்டை அனுப்புபவனைத் தேடிப் போகட்டும்.